நான்கு கார்ட், ஒரே பாட்டு: ரிதம் கிடாரில் என்னவெல்லாம் மாற்றினேன்

டவுன், டவுன்-அப், அப்-டவுன்-அப். கிடார் பிடித்த எவருக்கும் கை தானாகப் போய்விடுகிற ஸ்ட்ரம்மிங் (கம்பிகளைக் கீழாகவும் மேலாகவும் வருடி அடிப்பது) இது. தோழி ஒருத்தி எழுதிப் பாடும் பாட்டுக்கு, தொடக்கத்திலிருந்து முடிவு வரை இதையேதான் வாசித்துக்கொண்டிருந்தேன். ஜி மேஜர், ஈ மைனர், சி மேஜர், டி மேஜர் என்று நான்கு கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்), ஒவ்வொன்றுக்கும் ஒரு பார், அதாவது நான்கு தட்டு, நிமிடத்துக்கு 84 தட்டு. பாட்டு ஏறக்குறைய 4 நிமிடம் என்பதால் இந்த நான்கு பார் சுற்று 20 தடவைக்கு மேல் வரும். பல்லவி எது, சரணம் எது என்று கிடாரை மட்டும் கேட்டால் சொல்ல முடியாது.

இப்போது அதே நான்கு கார்டில், அதே வேகத்தில், பகுதிக்குப் பகுதி முகம் மாறுகிற ஒரு ரெக்கார்டிங் கையில் இருக்கிறது. புது ஸ்ட்ரம்மிங் பேட்டர்ன்களை மனப்பாடம் செய்து வந்ததல்ல அது. எங்கே அடிக்காமல் விடுவது, அடித்த ஒலியை எங்கே நிறுத்துவது, ஆறு கம்பியில் எதை மட்டும் தொடுவது என்ற மூன்று கேள்விகளில்தான் பெரும்பாலான வேலை நடந்தது. செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கையில் இருந்தவை: 12-53 கம்பி செட் (மெல்லியது 0.012, தடித்தது 0.053 அங்குலம்) போட்ட அகௌஸ்டிக் கிடார், 0.46, 0.73, 1.0 மி.மீ. தடிமனில் மூன்று பிக் (கம்பியை அடிக்கும் சில்லு), ஒரு கேப்போ (கழுத்தில் மாட்டிக் கம்பிகளை அழுத்தும் கிளிப்), போனில் மெட்ரோனோம், சின்ன ஸ்பாஞ்ச் துண்டு, கட்டம் போட்ட நோட்டு. புதிதாக வாங்கியது பிக்கும் ஸ்பாஞ்சும் மட்டும்தான்.

முதலில் போனை 12-ஆம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) நேராக ஒரு கை தூரத்தில் வைத்து, பழைய மாதிரியே முழுப் பாட்டையும் பதிவு செய்து கேட்டேன். வாசிக்கும்போது காதில் விழாத இரண்டு விஷயங்கள் பதிவில் தெளிவாகத் தெரிந்தன. ஒன்று, ஒவ்வொரு அடியும் ஒரே சத்தம், ஒவ்வொரு அடியிலும் ஆறு கம்பியும் பேசுகிறது. இன்னொன்று, ஒலி எங்குமே நிற்கவில்லை. தோழி மூச்சு வாங்கும் இடத்தில்கூட ஜி மேஜர் முழங்கிக்கொண்டே இருக்கிறது. "எனக்கு நுழைய இடமே இல்லை" என்று அவள் அடிக்கடி சொன்னதற்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

அப்புறம் நோட்டில் ஒரு பாருக்கு 16 கட்டம் வரைந்தேன். நான்கு தட்டு, தட்டுக்கு நான்கு கட்டம். பழைய பேட்டர்னை அதில் நிரப்பினால் 1, 5, 7, 11, 13, 15 என்று விழுகிறது. எல்லாம் ஒற்றைப்படை. இரட்டைப்படைக் கட்டங்கள் எட்டும் காலி. வாசிப்பு ஏன் சப்பென்று இருக்கிறது என்பதற்குப் பாதி விடை அந்தத் தாளிலேயே இருந்தது.

அடுத்தது வலது கை மட்டும். ஸ்பாஞ்சை பிரிட்ஜ் (கம்பிகள் கிடார் உடம்பில் முடியும் கட்டை) பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் செருகிவிட்டேன். கம்பி ஒலிக்காது, 'சக் சக்' என்று மட்டும் கேட்கும். இடது கைக்கு வேலை இல்லை, கார்ட் பற்றிய நினைப்பும் வேண்டாம். வாயால் 'தகதிமி' சொல்லிக்கொண்டு, 'த'-வுக்கும் 'தி'-க்கும் டவுன், 'க'-வுக்கும் 'மி'-க்கும் அப். 84-இல் இது நிமிடத்துக்கு 336 அடி. முழங்கையிலிருந்து வீசினால் இரண்டாவது நிமிடத்திலேயே முன்கை இறுகிவிடுகிறது. வேகத்தை 60-க்கு இறக்கி, முன்கையைக் கிடார் உடம்பில் லேசாகச் சாய்த்து, மணிக்கட்டால் மட்டும் ஆட்டினேன். பிக் கம்பிகளைத் தாண்டிப் போகும் தூரம் மேலேயும் கீழேயும் 1 செ.மீ.க்குள் இருந்தால்தான் வேகம் ஏறுகிறது. 60-இல் தோள் தளர்வாக இருக்கிறதா என்று பார்த்து 4, 4 ஆக ஏற்றினேன். தோள் மேலே ஏறினால் ஒரு படி கீழே.

இந்தக் கட்டத்தில் எனக்கு வைத்துக்கொண்ட ஒரே விதி, கை நிற்கக் கூடாது என்பது. ஊஞ்சல் மாதிரி அது போய்வந்துகொண்டே இருக்க வேண்டும். அடிக்க வேண்டாத கட்டத்தில் பிக் கம்பிக்கு மேலே காற்றில் போகும், அவ்வளவுதான். கை நின்று மறுபடி கிளம்பினால் அடுத்த அடி முந்தும் அல்லது பிந்தும். கை ஓடிக்கொண்டிருந்தால் எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் கம்பியைத் தொடலாம், அடி டவுனா, அப்-ஆ என்று யோசிக்கவே வேண்டாம்: ஒற்றைப்படை என்றால் டவுன், இரட்டைப்படை என்றால் அப்.

விடுவதுதான் முதல் பயிற்சி. 16 கட்டத்தையும் அடித்துவிட்டு, மூன்றாவது தட்டின் டவுனை, அதாவது 9-ஆம் கட்டத்தை மட்டும் காற்றில் விட்டேன். ஒரே ஒரு அடி குறைந்ததும் பார் முழுக்க ஆட ஆரம்பித்துவிட்டது. காது எதிர்பார்க்கும் இடத்தில் ஒன்றும் வராததால் அடுத்து வரும் 10-ஆம் கட்டத்து அப் தனியாகத் தெறித்துக் கேட்கிறது. பாட்டின் இறுதி வடிவத்திலும் பல்லவி முழுக்க இந்த ஓட்டையை அப்படியே வைத்திருக்கிறேன்.

பிறகு அழுத்தம். எல்லாக் கட்டத்தையும் மெதுவாக அடித்துக்கொண்டு சிலவற்றை மட்டும் ஓங்கி அடிப்பது. இதற்குச் சொல்கட்டு நன்றாகக் கைகொடுத்தது. 16-ஐ 'தகிட தகிட தகிட தகிட தக தக' என்று பிரித்தால் அழுத்தம் 1, 4, 7, 10, 13, 15-இல் விழும். இதில் 4-உம் 10-உம் அப். அங்கேதான் சிக்கல். அப் அடி இயல்பாகவே மெலிந்து வருவதால் அழுத்தம் காணாமல் போய், கேட்பவருக்கு 'தகிட' புரிவதில்லை. பிக்கின் முனையைக் கொஞ்சம் உள்ளே விட்டு, அப் அடியில் முதல் மூன்று கம்பிகளை மட்டும், அதாவது மெல்லியவற்றை மட்டும், வேகமாக இழுத்ததில் சரியானது. ஆறு கம்பியையும் மேல்நோக்கி இழுக்கப் பார்த்தபோது பிக் திரும்பிக்கொண்டது. 'தகதகிட தகதகிட தகிட தகிட' என்று 5, 5, 6 ஆகவும் போட்டுப் பார்த்தேன். 1, 6, 11-இல் அழுத்தம். தனியாகக் கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் இந்தப் பாட்டின் சொற்களோடு மோதுகிறது. நோட்டில் குறித்து வைத்துக்கொண்டேன், வேறு பாட்டுக்கு உதவும்.

ஸ்பாஞ்சை எடுத்த பிறகு ஒலியின் நீளத்துக்கு வந்தேன். நேரத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போனது, பலனும் இதில்தான் அதிகம்.

அமெரிக்க ஜாஸ் கலைஞர் கவுண்ட் பேஸியின் இசைக்குழுவில் 1937 முதல் வாசித்த ஃப்ரெடி கிரீனின் ரிதம் கிடாரை இந்த நாட்களில் திரும்பத் திரும்பக் கேட்டேன். பாருக்கு நான்கு டவுன், அவ்வளவே. ஆனால் ஒவ்வொரு அடியும் உடனே அணைகிறது. சின்னச் சின்ன கார்ட், அடித்ததும் இடது கை அழுத்தத்தைத் தளர்த்திவிடுகிறது. ஒரு பெரிய குழுவின் முழு எடையையும் அந்தக் குட்டை ஒலி தாங்குகிறது. ரிதம் கிடாரில் இதைவிடப் பெரிய பாடம் வேறு இல்லை என்று நினைக்கிறேன்.

அதை என் பாட்டில் செய்யப் போனால், ஓப்பன் கார்டில் இடது கையைத் தளர்த்தி ஒலியை நிறுத்த முடியாது. ஜி மேஜரில் மூன்று கம்பி, ஈ மைனரில் நான்கு கம்பி விரலே படாமல் ஒலிப்பவை. விரலை எடுத்தால் அவை இன்னும் பலமாகத்தான் ஒலிக்கும். அதனால் இரண்டு வழிகளைப் பழகினேன். ஒன்று, அடித்த உடனே வலது உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க ஓரத்தைக் கம்பிகள் மேல் போடுவது. 2, 4-ஆம் தட்டுகளில் இதையே கொஞ்சம் ஓங்கிப் போட்டால் ஸ்னேர் டிரம் மாதிரி ஒரு 'டக்' கிடைக்கிறது. இன்னொன்று, கார்டைக் கழுத்தில் மேலே கொண்டுபோய் எல்லாக் கம்பியிலும் விரல் இருக்கும்படி பிடிப்பது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

உள்ளங்கை ஓரத்தால் ஒலியை அடக்கும் இந்த பாம் மியூட்டுக்கு இடம் மிக முக்கியம். கையின் ஓரம் சேடிலின் (பிரிட்ஜில் கம்பிகள் ஏறி நிற்கும் சிறு பட்டை) மேலேயே இருந்தால் ஒலி மியூட் ஆவதில்லை. 1 செ.மீ. முன்னால் வந்தால் சுருதி செத்து வெறும் தட்டல்தான் மிஞ்சுகிறது. என் கிடாரில் சேடிலிலிருந்து 3 மி.மீ. அளவுக்குச் சதை கம்பி மேல் வழிந்தால் சுருதியும் கேட்கிறது, ஒலியும் குட்டையாக இருக்கிறது. தடித்த கம்பிகளுக்கு இது சரி. மெல்லிய கம்பிகளுக்கு இன்னும் குறைத்தால்தான் நல்லது என்பதால் கையைக் கொஞ்சம் சாய்வாக வைக்கிறேன்.

பிக் விஷயத்தில் ரெக்கார்டிங் கேட்டுத்தான் முடிவு செய்தேன். 0.46-இல் 16 கட்ட ஸ்ட்ரம்மிங் வழுக்கிக்கொண்டு போகிறது, ஆனால் பிக் வளைந்து திரும்பும் 'டிக்' ஒலி பதிவில் விழுகிறது, தடித்த கம்பிக்குக் கனமே இல்லை. 1.0-இல் அழுத்த வித்தியாசம் அருமையாக வருகிறது, அப் அடி மட்டும் இடறுகிறது. 0.73 இரண்டுக்கும் நடுவே ஒத்துவந்தது. பிக்கை விரலுக்கு வெளியே 5 மி.மீ. மட்டும் நீட்டிப் பிடித்தால் அதுவே தடித்த பிக் போலவும், கொஞ்சம் அதிகம் நீட்டினால் மெல்லியது போலவும் நடந்துகொள்கிறது. அடிக்கும் இடத்தையும் மாற்றலாம்: சவுண்ட் ஹோலைத் தாண்டிக் கழுத்தின் பக்கம் அடித்தால் ஒலி குழைவாகவும், பிரிட்ஜ் பக்கம் அடித்தால் கூர்மையாகவும் வரும். ஒரு செலவும் இல்லாத மாற்றம் இது, சரணத்துக்கும் பல்லவிக்கும் நடுவே 8 செ.மீ. நகர்ந்தாலே போதும்.

அடுத்து கம்பிகளைப் பிரித்தேன். கட்டைவிரலால் பேஸில், அதாவது தடித்த கம்பிகளில், மெட்டை வாசித்துக்கொண்டே மெல்லிய கம்பிகளில் ரிதம் போட்ட அமெரிக்க நாட்டுப்புற இசைக் கலைஞர் மேபெல் கார்ட்டரின் முறையில் நூறில் ஒரு பங்குதான் நான் எடுத்துக்கொண்டது: 1-ஆம் தட்டில் பேஸ் கம்பி ஒன்று மட்டும், 2-இல் மெல்லிய கம்பிகள் மட்டும், 3-இல் வேறொரு பேஸ் கம்பி, 4-இல் மறுபடி மெல்லியவை. ஜி மேஜருக்கு 6-ஆம் கம்பியும் (எல்லாவற்றிலும் தடித்தது) 4-ஆம் கம்பியும், சி மேஜருக்கு 5-உம் 4-உம். அதோடு கார்டுகளுக்கு இடையே நடை. ஜி-யிலிருந்து ஈ மைனருக்குப் போகும்போது 6-ஆம் கம்பியில் 3-ஆம் ஃப்ரெட், 2-ஆம் ஃப்ரெட், அப்புறம் ஓப்பன். நடுவில் வரும் அந்த 2-ஆம் ஃப்ரெட் சுரம் பாரின் கடைசித் தட்டில் விழ வேண்டும். அரைத் தட்டு முந்தினால் கார்ட் தப்பாகப் பிடித்தது போல் கேட்கும். எல்லா மாற்றத்திலும் நடை வைத்தால் அலுப்புத் தட்டுகிறது. நான்கு பாரில் ஒரே இடம் போதும்.

இடது கையில் முதலில் செய்தது மிகச் சின்ன மாற்றம். மோதிர விரலையும் சுண்டுவிரலையும் 2, 1-ஆம் கம்பிகளின் 3-ஆம் ஃப்ரெட்டில் ஊன்றிவிட்டு, மற்ற இரண்டு விரலை மட்டும் நகர்த்துவது. ஜி மேஜர், ஈ மைனர் செவன், சி ஆட் நைன், டி சஸ் ஃபோர் என்று நான்கும் அப்படியே கிடைக்கின்றன. மேலே இரண்டு சுரம் மாறாமல் ஒலிப்பதால் எல்லாம் ஒரே துணியில் நெய்தது போல ஒட்டிக்கொள்கிறது. டி சஸ் ஃபோரில் பாதிப் பார் இருந்துவிட்டு, முதல் கம்பியை 2-ஆம் ஃப்ரெட்டுக்கு இறக்கி டி மேஜருக்கு வந்தால், கார்ட் மாறாமலே ஒரு அசைவு கிடைக்கிறது.

அப்புறம் கழுத்தின் மேல் பகுதி. முதல் மூன்று கம்பியில் மட்டும் மூன்று சுர கார்ட். 3, 2, 1-ஆம் கம்பி என்ற வரிசையில் ஃப்ரெட்டுகளைச் சொல்கிறேன். ஜி மேஜர் 7-8-7, ஈ மைனர் 9-8-7, சி மேஜர் 9-8-8, டி மேஜர் 11-10-10. ஆள்காட்டி விரலை 7-ஆம் ஃப்ரெட்டில் மூன்று கம்பிக்கும் குறுக்கே படுக்கவைத்து, நடுவிரலை 2-ஆம் கம்பியின் 8-இல் வைத்தால் ஜி. அதில் எதையும் எடுக்காமல் மோதிர விரலை 3-ஆம் கம்பியின் 9-இல் சேர்த்தால் ஈ மைனர். அதில் சுண்டுவிரலை முதல் கம்பியின் 8-இல் சேர்த்தால் சி. அந்தப் பிடியை அப்படியே இரண்டு ஃப்ரெட் மேலே தள்ளினால் டி. விரல் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகிறது, கை இடம் மாறுவது கடைசியில் மட்டும்தான். இதைக் கண்டுபிடித்த அன்று வேறெதையும் வாசிக்க மனம் வரவில்லை.

இரண்டு தொல்லைகள் இருந்தன. ஒலியை அணைக்க விரலைத் தளர்த்தும்போது 7-ஆம் ஃப்ரெட்டில் மணி அடிப்பது போல் ஹார்மானிக் ஒலி கிளம்புகிறது. 5, 7, 12-ஆம் ஃப்ரெட் கோடுகளுக்கு நேர் மேலே ஒற்றை விரல் லேசாகப் பட்டாலே இது நடக்கும். தளர்த்தும் அதே கணத்தில் சும்மா இருக்கும் விரல்களையும் கம்பிகள் மேல் படுக்கவைத்தால் சத்தம் அடங்கிவிடுகிறது. குறைந்தது இரண்டு விரலாவது வெவ்வேறு இடத்தில் பட வேண்டும். இன்னொன்று, அகௌஸ்டிக் செட்டில் 3-ஆம் கம்பி சுற்றுக் கம்பி (மேலே மெல்லிய இழை சுற்றியது) என்பதால் சி-யிலிருந்து டி-க்குத் தள்ளும்போது கீச்சிடுகிறது. மோதிர விரலை ஒரு மயிரிழை தூக்கி, சுண்டுவிரலை மட்டும் முதல் கம்பியில் வழிகாட்டியாக வழுக்கவிட்டேன். கீச்சு போய்விட்டது.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. இந்த மூன்று கம்பி கார்டுகளைத் தனிக் கிடாரில் நெடுநேரம் வாசித்தால் அடித்தளம் இல்லாமல் மெலிந்து கேட்கிறது. கூட ஒரு பேஸோ இன்னொரு கிடாரோ இருந்தால்தான் முழுப் பாட்டுக்கும் தாங்கும். அதனால் பல்லவிக்கு முந்தைய நான்கு பாருக்கு மட்டும் இதை வைத்தேன். அங்கே மெலிந்தால், பல்லவியில் ஓப்பன் கார்ட் விழும்போது சுவர் போல எழுந்து நிற்கிறது. இன்னொரு கிடார் கிடைத்த நாளில் கேப்போவும் போட்டுப் பார்த்தோம். 5-ஆம் ஃப்ரெட்டில் கேப்போ வைத்து டி, பி மைனர், ஜி, ஏ என்ற வடிவங்களைப் பிடித்தால் அதே ஜி, ஈ மைனர், சி, டி வருகிறது. 7-ஆம் ஃப்ரெட்டில் என்றால் சி, ஏ மைனர், எஃப், ஜி வடிவங்கள். ஒரே கார்டை இருவர் இரண்டு உயரத்தில் வாசிக்கும்போது ஒலி பரந்து விரிகிறது. இருவரும் ஓப்பனில் வாசித்தால் சத்தம் மட்டும்தான் கூடுகிறது.

கார்ட் மாற்றத்தை முந்துவது கடைசியாகச் சேர்த்தது. அடுத்த கார்டை 1-ஆம் தட்டில் அடிக்காமல், முந்தைய பாரின் 15-ஆம் கட்டத்திலேயே அடித்து, அடுத்த 1-ஐக் காற்றில் விட்டுவிடுவது. பாட்டு முன்னோக்கிச் சாய்கிறது. தோழி தன் வரியைச் சரியாக 1-இல் ஆரம்பிப்பவள், அதனால் அந்த இடம் அவள் குரலுக்கு மட்டும் என்று காலியாகிறது. அவள் கேட்ட 'இடம்' இதுதான்.

இத்தனையும் கைக்கு வந்த பிறகு எல்லாவற்றையும் ஒரே சுற்றில் போட்டுப் பார்த்தோம். 'டக்', பேஸ் நடை, முந்தல், தகிட அழுத்தம் எல்லாம். அவளால் இரண்டாவது வரியைப் பிடிக்கவே முடியவில்லை. அதன் பிறகு ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ஒன்றே ஒன்று மட்டும் மாற வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். இப்போதைய வடிவம் இப்படி: முதல் சரணத்தில் பேஸும் மெல்லிய கம்பியும் மாறி மாறி, பிக் கழுத்துப் பக்கம். பல்லவிக்கு முன் நான்கு பார் மூன்று கம்பி கார்ட், குட்டையாக. பல்லவியில் ஓப்பன் கார்டில் 16 கட்ட ஓட்டம், 9-ஆம் கட்டத்தில் ஓட்டையுடன். இரண்டாம் சரணத்தில் முதல் சரணத்தின் வாசிப்போடு 2, 4-இல் 'டக்' மட்டும் கூடுதல். கடைசிப் பல்லவிக்கு முன் ஒரு முழு பார் கிடாரே இல்லை. கை மட்டும் காற்றில் தகதிமி போட்டுக்கொண்டிருக்கிறது, இல்லாவிட்டால் சரியான இடத்தில் இறங்க முடியாது. அப்புறம் கடைசிப் பல்லவியில் தகிட அழுத்தம்.

அடுத்த முறை மாற்றப்போவது: மெட்ரோனோமை ஒவ்வொரு தட்டுக்கும் வைக்காமல் 42-இல் வைத்து, அதன் அடியை 2, 4-ஆம் தட்டாக எண்ணி ஆரம்பத்திலிருந்தே பழகுவேன். கடைசி வாரத்தில்தான் இதைத் தொட்டேன், பல்லவியில் நான் முந்துவது அதில்தான் வெளிப்பட்டது. கார்ட் கற்கும் முன் குரலைத் தனியாகப் பதிவு செய்து, அவள் மூச்சு வாங்கும் கட்டங்களை முதலில் குறித்துக்கொள்வேன். 0.60 பிக் ஒன்றையும் பார்க்க வேண்டும்.

அவளுடைய அடுத்த பாட்டு ஆறு-எட்டு (6/8) தாளத்தில் இருக்கிறது. ஆறு கட்டத்துக்கு டவுன், அப் என்று மாற்றி மாற்றிப் போனால் பாரின் இரண்டாவது முக்கிய அழுத்தம், 4-ஆம் கட்டம், அப்பில் விழுகிறது. ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டாகப் பிளந்து 12 ஆக்கினால் 1-உம் 7-உம் டவுனில் வந்துவிடும், ஆனால் கையின் வேகம் இரட்டிப்பாகும். ஸ்பாஞ்சைச் செருகி இரண்டையும் மெதுவாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரைக்கும் 12-தான் ஒத்துவருகிறது.